நேகலேயின் நாலாவது டிஸ்க்

எங்க மேல் வீட்டு எபர்ஹார்ட் நேகலே தங்கமான மனுஷன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. எல்லாரும்னா, அவரோட ஒரே கட்டடத்துல இருபத்திரண்டு வருஷம் குடியிருக்காதவங்க எல்லாரும். நான் இருந்திருக்கேன். என் பேர் கெர்லிண்டே மௌத்தே. நூர்ட்டிங்கன் ஊர்ல ஆணி, திருகு, பூட்டுக் கடை வச்சிருந்தேன். கடையை மூடிட்டு இப்போ கீழ் வீட்டுல நிம்மதியா இருக்கேன், அதாவது மேலேயிருந்து கடிதம் வராத நாள்ல.

ஆமா, கடிதம்தான். எங்க கட்டட விதிப்படி மத்தியானம் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் சத்தம் கூடாது. ஞாயித்துக்கிழமை நாள் பூராவும் கூடாது. ஒரு தடவை சமையல்கட்டுல பலகை மாட்டுறதுக்கு சுவத்துல ஓட்டை போட்டேன். கடைசி ஓட்டை முடியும்போது மணி ஒண்ணு நாலு. ரெண்டு நாள் கழிச்சு அந்த நாலு நிமிஷத்துக்கு ஒரு கடிதம் வந்துச்சு. மேல் மாடியிலேர்ந்து கீழ் மாடிக்கு, தபால்தலை ஒட்டி, தபால்காரர் கொண்டு வந்து கொடுத்தார்.

மனுஷன் முப்பத்தெட்டு வருஷம் எடை அளவு சரிபார்க்கிற ஆபீஸ்ல வேலை பார்த்தவர். பெட்ரோல் பங்க்ல லிட்டர் சரியா இருக்கா, கறிக்கடையில தராசு சரியா இருக்கா, இதே வேலை. ரிட்டயர் ஆனதும் அளக்கிறதுக்கு வேற எதுவும் கிடைக்கல. வீட்டை அளக்க ஆரம்பிச்சார். அந்த அளவெல்லாம் போய்ச் சேர்ற இடம், அவங்க வீட்டு நடையில கோட் மாட்டுற இடத்துக்குக் கீழ இருக்கிற ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டு சர்வர். ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும், உள்ள நாலு ஹார்ட் டிஸ்க். ராப்பகலா உறுமிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் கட்டட விதி கிடையாது.

அவர் சம்சாரம் ரோஸ்வித்தா மருத்துவச்சி. எனக்கு உயிர்த் தோழி. முப்பத்தொரு வருஷம், சுத்துப்பட்டு கிராமத்துல எந்த வீட்டுல வலி எடுத்தாலும் பையைத் தூக்கிக்கிட்டு கிளம்பிடுவா. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பொறந்து முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள அதைத் துணியில கட்டி, கைத்தராசுல தொங்கவிட்டு எடை பார்ப்பா இல்லையா, அப்போ போன்ல ஒரே ஒரு படம். துணிக்குள்ள சுருங்கின முகம், மேல தராசு முள், ஓரத்துல ரோஸ்வித்தாவோட கட்டைவிரல். பதினாலு வருஷத்துல அப்படி அறுநூத்திப் பன்னிரண்டு படம்.

நியாயமா அதை அன்னைக்கே அம்மாக்காரிக்கு அனுப்பியிருக்கணும். நேகலே விடல. குழந்தை படத்தை போன்ல அனுப்பினா அது நேரா அமெரிக்காவுக்குப் போயிடுமாம். அங்க யாரோ அதைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருப்பானாம். அதனால மாசக் கடைசியில அவளோட போனை வாங்கி, படத்தையெல்லாம் கறுப்புப் பெட்டிக்கு மாத்திட்டு, போன்ல இருந்ததைச் சுத்தமா அழிச்சுக் கொடுத்துடுவார். "போன் பேசுறதுக்கு, பெட்டி பத்திரத்துக்கு"ன்னு சொல்லுவார். ரோஸ்வித்தா ஒவ்வொரு அம்மாகிட்டேயும் சொல்லி வச்சா: "நான் ஓய்வு பெறுற அன்னைக்கு எல்லாரையும் கூப்பிடுவேன். பெரிய திரையில எல்லாப் படத்தையும் காட்டுவேன். அவங்கவங்க குழந்தையை அன்னைக்கு எடுத்துட்டுப் போங்க." அம்மாக்காரிங்களும் காத்திருந்தாங்க. சில குழந்தைங்களுக்கு மீசை முளைக்கிற வயசு வந்துடுச்சு.

அந்த நாள் வந்தது இந்த மே மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. சர்ச் மண்டபம் பேசியாச்சு, நூத்தைம்பது பேர் வர்றதாச் சொல்லியாச்சு, உருளைக்கிழங்கு சாலட் என் பொறுப்பு. சரியா அதுக்குப் பதிமூணு நாளைக்கு முன்னாடி நேகலேக்கு ஒரு ஞானோதயம். பெட்டி தொண்ணூத்தாறு சதவீதம் நிரம்பிடுச்சாம், டிஸ்க்கெல்லாம் மாத்தி ரெண்டு மடங்கு பெரிசாப் போடணுமாம்.

"வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் பண்ணு"ன்னா ரோஸ்வித்தா. நான் அப்போ அவங்க சமையல்கட்டுல உக்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தேன்.

"நூத்தைம்பது பேருக்கு முன்னாடி, நிரம்பி வழியிற பெட்டியை வச்சுக்கிட்டு படம் காட்டுறது பொறுப்பில்லாத செயல்."

"பெட்டியை யாருப்பா பார்க்கப் போறா? குழந்தையைத்தான் பார்ப்பாங்க."

"அது நிரம்பியிருக்குன்னு எனக்குத் தெரியுமே"ன்னார். அதுக்கு மேல அவரோட பேச முடியாது. என்னைப் பார்த்து, ஒரு டிஸ்க் பழுதானா என்ன ஆகும்னு விளக்கம் வேற. நான் கேக்கவேயில்லை. ஆனா இப்போ யோசிச்சா, அது ஒண்ணுதான் அவர் எனக்கு உருப்படியா சொல்லிக் கொடுத்தது. தகவலை நாலு டிஸ்க்லயும் பிரிச்சுப் பிரிச்சு எழுதியிருக்குமாம். எது ஒண்ணு போனாலும் மீதி மூணும் சேர்ந்து அதைத் திரும்ப எழுதிடுமாம். ரெண்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. அதனால பழசு ஒண்ணை உருவணும், புதுசு ஒண்ணை சொருகணும், மத்த மூணும் அதை நிரப்புற வரைக்கும் ஒன்றரை நாள் காத்திருக்கணும். அப்புறம்தான் அடுத்தது.

மனுஷன் முறையாத்தான் செஞ்சார், அதைச் சொல்லியாகணும். கதவுல அட்டவணை ஒட்டினார். ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி, காலையில ஆறு மணிக்கு ஒரு டிஸ்க். மாடிப்படி கூட்டுறது யார் முறைன்னு தொங்குற பலகைக்குப் பக்கத்துலயே இதுவும் தொங்குச்சு. மூணு டிஸ்க் மாத்தியாச்சு, ஒரு குறையும் இல்லை. புது டிஸ்க் நாலையும் ஒரே கடையில, ஒரே சலுகையில, ஒரே பெட்டியில வாங்கியிருந்தார். "ஒரே நாள்ல செஞ்சது, ஒரே மாதிரி உழைக்கும்"னு பெருமை வேற. ஒரே மாதிரி சாகும்னு யாராவது சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு என் வீட்டு மணி அடிச்சது. நேகலே நிக்கிறார், கையில நாலு பழைய டிஸ்க், வரிசையா அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு.

"ஃப்ராவ் மௌத்தே, உங்க டிரில்லிங் மெஷின் கொஞ்சம் வேணும். இரும்புல போற ஊசியோட."

ஃப்ராவ்னா அம்மா, ஹெர்னா ஐயா, இத்தனை வருஷமாகியும் அப்படித்தான் கூப்பிட்டுக்கிறோம். எதுக்குன்னு கேட்டேன். பழைய டிஸ்க்ல ஓட்டை போட்டு அழிச்சுட்டு, மறுசுழற்சிக் கிடங்குல கொண்டு போய் போடணுமாம். கிடங்கு ரெண்டு மணிக்கு மூடிடும்.

"மேல எல்லாம் முடிஞ்சுதா?"

"பதினெட்டு சதவீதம்."

"அப்போ இன்னும் முடியலையே, ஹெர் நேகலே."

பச்சைக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னார். "இன்னைக்கு ஒரு மணிக்கு மேல டிரில் பண்ணக் கூடாது. நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழமை கிடங்கு லீவு. அறுநூத்திச் சொச்சம் குழந்தைங்க படம் இருக்கிற டிஸ்க்கை செவ்வாய் வரைக்கும் மேஜை டிராயர்ல போட்டு வச்சிருக்கச் சொல்றீங்களா? வீட்டுல திருடன் பூந்தா?"

எங்க தெருவுல கடைசியாத் திருடு போனது ஒரு சைக்கிள் பம்ப். அதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாம், நான் சொல்லல. அவர் என் வாசல்ல வந்து கெஞ்சி நிக்கிறது அவ்வளவு சுகமா இருந்துச்சு. மெஷினை எடுத்துக் கொடுத்தேன். கீழ் அறையில என் பட்டறை மேஜையில டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கியையும் நானே திருகிக் கொடுத்தேன். காதுல அடைப்பான் மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு டிஸ்க்லயும் நாலு ஓட்டை, மூலைக்கு ஒண்ணு, பென்சில்ல குறி வச்சுப் போட்டார். இரும்புத்தூள் தரையில கொட்டக் கூடாதுன்னு அடியில செய்தித்தாள். கடைசி ஓட்டை முடிஞ்சதும் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பத்தாறு.

"நாலு நிமிஷம் மிச்சம்"ன்னார் என்னைப் பார்த்து. வேணும்னேதான் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு, மத்தியானம் ஒண்ணு இருபது. நான் சாப்பிட்டுட்டு சோபாவுல சாஞ்சிருக்கேன். மேலேயிருந்து ஒரு சத்தம், கூர்மையா, விட்டு விட்டு, நிக்கவே மாட்டேங்குது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளுக்குள்ள தேன் குடிச்ச மாதிரி இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தேன். ஞாயித்துக்கிழமை, ஓய்வு நேரம், நேகலே வீட்டுல சத்தம். தலையைச் சீவிக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, படி ஏறிப் போய் கதவைத் தட்டினேன்.

ரோஸ்வித்தா கதவைத் திறந்தா. அவ முகத்துல ஈயாடல. உள்ள நடையில நேகலே முட்டி போட்டு உக்கார்ந்திருக்கார். பெட்டி மேல தலையணை. அதுக்கு மேல இன்னொரு தலையணை. முதல்ல செஞ்ச காரியம் அதுதான், சத்தத்தை அமுக்குறது.

"என்ன ஆச்சு?"

"மூணாவது டிஸ்க் போயிடுச்சு"ன்னார், தலையைத் தூக்காம. "புதுசு. நாலாவது எண்பத்தேழு சதவீதம் நிரம்பினப்போ."

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், அவர்தானே சொல்லிக் கொடுத்திருந்தார். மூணாவது செத்துப் போச்சு, நாலாவது இன்னும் நிரம்பல. ரெண்டு போச்சு.

"அப்போ படம்?"ன்னா ரோஸ்வித்தா.

"பழைய நாலாவது டிஸ்க் அப்படியே முழுசா இருந்துச்சு. அதைத் திரும்பச் சொருகினா போதும். எல்லாத்தையும் மீட்டுடலாம்." இதை அவர் சொன்ன வேகத்துல ஒரு நிமிஷம் மூணு பேருக்குமே நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்புறம் அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"எங்க அது?"ன்னா ரோஸ்வித்தா.

நான்தான் சொன்னேன். மெஷின் என்னோடதுன்னும் சொன்னேன். அவ சமையல்கட்டுக்குப் போய் நாற்காலியில உக்கார்ந்தா. தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன், வாங்கிக் கீழ வச்சா.

"பேக்கப் இருக்கே"ன்னா. "கீழ் அறையில, தகரப் பெட்டியில வச்சிருக்கியே, எபர்ஹார்ட். எல்லார்கிட்டயும் அதைப் பத்திப் பேசுவியே."

பேசுவார்தான். என் தங்கச்சி பொறந்தநாளுக்கு வந்து கேக் வெட்டுறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் அதைப் பத்திப் பேசின மனுஷன். தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார், உள்ள இருந்த டிஸ்க்கை கம்ப்யூட்டர்ல மாட்டினார். திரையில வரிசையா ஃபோல்டர் வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னோம். ரோஸ்வித்தா பேர்ல ஒண்ணும் இல்லை.

"பேக்கப் டிஸ்க் நாலு வருஷத்துக்கு முன்னாடியே நிரம்பிடுச்சு"ன்னார். "எதையாவது எடுக்க வேண்டியிருந்தது. படம் ரொம்ப இடம் பிடிக்குது. இப்போ பெரிய டிஸ்க் போட்டதே அதுக்குத்தான். பழசுல ஒண்ணு மிச்சமாகும், அதுல உன்னோட... இல்ல, அடுத்த கட்டத்துல வேற ஒண்ணு வாங்கி, அதுல உன்னோடதையும் சேர்க்கிறதா இருந்தேன்."

"எதை வச்சுக்கிட்டே?"

"என்ன?"

"என்னோடதை எடுத்துட்டு எதை வச்சுக்கிட்டேன்னு கேக்குறேன். படி."

படிச்சார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம விட அவருக்குத் தெரியாது. கீழ் அறை ஈரப்பதம், மணிக்கு ஒரு தடவை. வாஷிங் மெஷின் கையேடு, இப்போ இல்லாத மெஷினோடது. கட்டடக் கூட்டக் குறிப்பு. அண்டை வீட்டாருக்கு எழுதின கடிதம், அதுல என் பேர்ல தனி ஃபோல்டர். பாய்லர்ல மீட்டர் வச்சு எடுத்த வெந்நீர்க் கணக்கு, பதினாலு வருஷம், யார், எப்போ, எத்தனை லிட்டர், எதுக்கு.

"வெந்நீர்க் கணக்கு"ன்னு ரோஸ்வித்தா திரும்பச் சொன்னா. கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு என்னோட கீழ வந்துட்டா.

அந்த வாரம் அவ என் வீட்டு சோபாவுலதான் படுத்தா. செத்துப் போன டிஸ்க்கை நேகலே அழிஞ்ச தகவலை மீட்கிற ஒரு கம்பெனிக்குக் கார்ல கொண்டு போனார். உள்ள தகடு மேல எல்லாம் கீறிப் போச்சு, ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னு செவ்வாய்க்கிழமை சொல்லிட்டாங்க. அதை அவர் என் தபால்பெட்டியில சீட்டு எழுதிப் போட்டார். மண்டபத்தை ரத்து பண்ணிடலாம்னு நான் சொன்னேன். ரோஸ்வித்தா யோசிச்சா. முதல் நாள் அழுதா, ரெண்டாவது நாள் நல்லாத் திட்டினா, மூணாவது நாள் அவளோட பழைய பிரசவப் பதிவேட்டை மடியில வச்சுக்கிட்டு உக்கார்ந்தா. அதுல தேதி, நேரம், எடை எல்லாம் அவ கைப்பட எழுதினது. புதன்கிழமை சாயங்காலம் மேல போய்க் கதவைத் தட்டினா. மூணு நாளைக்கப்புறம் புருஷன்கிட்ட அவ பேசின முதல் பேச்சு இதுதான்: "உன் வெந்நீர்க் கணக்கைக் கொடு. பூராவும்."

மனுஷன் முகம் மலர்ந்துடுச்சு. தேதிவாரியா வேணுமா, ஆள்வாரியா வேணுமான்னு கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிஞ்சுது. அம்மாக்காரிங்க, அப்பாக்காரங்க, தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளைங்க, இடுப்புல கைக்குழந்தைங்க. நேகலே முதல் வரிசையில என் பக்கத்துல, கோட்டும் டையும் போட்டுக்கிட்டு. ரோஸ்வித்தா மேடையில ஏறி, படம் ஒண்ணும் இல்லை, எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு நேராச் சொன்னா. எப்படின்னு சொல்லல. ஒரு பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டா. எனக்கு என் டிரில்லிங் மெஷினைத் தூக்கி ஆத்துல போடணும் போல இருந்துச்சு.

"மிச்சம் இருக்கிறது இதுதான்"னு சொல்லி பட்டனை அமுக்கினா.

திரையில நேகலேயோட கட்டம் போட்ட அட்டவணை. *மார்ச் 9. காலை 4:10. ரோஸ்வித்தா, குளியல். 11 நிமிஷம். 74 லிட்டர். அளவு மீறியது.*

முதல்ல ஒருத்தருக்கும் புரியல. அப்புறம் பின்வரிசையில ஒரு பொண்ணு எழுந்து நின்னா. "மார்ச் ஒன்பதா? அது எங்க லியோன்ஹார்ட்."

"ஆமா"ன்னா ரோஸ்வித்தா. "இருபத்தாறு மணி நேரம். தோள் மாட்டிக்கிச்சு. வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் ரத்தம். எழுபத்து நாலு லிட்டர் பத்தல."

மண்டபமே சிரிச்சுது. அடுத்த வரி. *ஜூன் 21. மாலை 5:30. ரோஸ்வித்தா, குளியல். இன்னைக்கு ரெண்டாவது தடவை. காரணம் தெரியல.* இடது பக்கத்துலேர்ந்து ரெண்டு அம்மாக்காரிங்க ஒரே நேரத்துல கையைத் தூக்கினாங்க, ஒருத்திக்குக் காலையில பொறந்தது, ஒருத்திக்கு மத்தியானம். அவங்க ஒருத்தரை ஒருத்தர் அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிறாங்க. வரிக்கு வரி இப்படியே போச்சு. *மறுபடியும். கவனிக்கணும். மறுபடியும்.* ஒவ்வொரு வரிக்கும் யாரோ எழுந்து நின்னு ஒரு பேரைச் சொன்னாங்க, பிள்ளைங்க நாற்காலி மேல ஏறி நின்னுதுங்க. ரோஸ்வித்தா எடையையும் சேர்த்துச் சொன்னா.

நேகலே என் பக்கம் சாஞ்சார். "பதினாலு வருஷம், ஃப்ராவ் மௌத்தே. ஒரு வரி விடுபடல. பேக்கப்போட அருமை இப்போ தெரியுதா?" ஒவ்வொரு வரிக்கும் திருப்தியா தலையாட்டிக்கிட்டிருந்தார். அடிக்கக் கை ஓங்கியிருப்பேன், முன் வரிசையா இருந்ததால பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

*நவம்பர் 2. காலை 6:45. ரோஸ்வித்தா, குளியல். 38 நிமிஷம். 210 லிட்டர். பொறுப்பில்லாத செயல். பேசணும்.*

இருநூத்திப் பத்துன்னதும் திரும்பச் சிரிப்பு கிளம்பிச்சு. யார்னு எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தரும் எழுந்திருக்கல.

"இவங்க இன்னைக்கு வரல"ன்னா ரோஸ்வித்தா. "அந்தக் குழந்தை பொழைக்கல. என்கிட்ட மட்டும்தான் அதோட படம் இருந்துச்சு. இன்னைக்கு விழா முடிஞ்சப்புறம் தனியா கொண்டு போய்க் கொடுக்கிறதாச் சொல்லியிருந்தேன்." திரையைத் திரும்பிப் பார்த்தா. "பேசணும்னு எழுதியிருக்கு. பேசினார். சாயங்காலம் பாய்லர் சூட்டை ரெண்டு டிகிரி குறைச்சிட்டதாச் சொன்னார்."

நேகலேயோட தலையாட்டல் நின்னுது. அப்புறம் மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "எனக்குத் தெரியாதே"ன்னார்.

"நீங்க கேக்கல, ஹெர் நேகலே"ன்னேன்.

ரோஸ்வித்தா அடுத்த வரிக்குப் போனா.